கையின் கல்வி

கற்றவர் யார், கல்லாதவர் யார் என்று பகுத்துரைப்பது எளிதெனத் தோன்றும். பட்டம் பெற்றவன் கற்றவன், பெறாதவன் கல்லாதவன் என்பதே உலக வழக்கு. இவ்வழக்கு எத்துணைப் பொருத்தமற்றதென்பதைக் கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களின் வாழ்க்கை நன்கு விளக்கும்.

1893-ஆம் ஆண்டில் கலங்கல் என்னும் சிற்றூரிற் பிறந்த அவர், பள்ளிக்கூடத்தில் நெடுநாள் தங்கினாரல்லர். ஆங்கில அதிகாரி ஒருவரது மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியிற் பணிசெய்து ஈட்டிய பொருளால் அதனையே விலைக்கு வாங்கினார். வாங்கியதை உறுப்பு உறுப்பாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பயின்ற கலாசாலை! 1920-இல் ஒரே பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே தாமே ஓட்டினார். அதுவே பின்னர் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாகத் தழைத்தது. இந்தியாவிற் செய்யப்பெற்ற முதல் மின்சார மோட்டார் என்று போற்றப்படுவதை 1937-இல் பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு கூடி உருவாக்கினார். மின்சாரச் சவரக் கருவி, மலிவான ரேடியோ என எளியோர் இல்லத்துக்கும் எட்டக்கூடிய பொருள்களையே அவர் உள்ளம் நாடிற்று. 1952-இல் 2,000 ரூபாயில் இருவர் செல்லத்தக்க கார் ஒன்றைத் திட்டமிட்டார். அரசாங்க அனுமதி கிட்டாமையால் அம்முயற்சி நின்றது.

கோயமுத்தூரில் 1945-இல் தொழிற்கல்லூரி தோன்றத் துணைநின்றவரும் அவரே. ஆயினும் நான்காண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குவது என்று வாதிட்டு, உடன்பாடு காணாது விலகினார். கல்வியை இகழ்பவர் கல்லூரி காண முயல்வரோ? கை தொடாத கல்வியையே அவர் வெறுத்தார்.

எங்கள் ஜலகண்டாபுரம் தறியொலி ஓயாத ஊர். விசைத்தறியை ஓட்டும் மோட்டார் நின்றால் நெய்பவரின் அன்றைய கூலியும் நிற்கும். என் தமையனார் பத்தாம் வகுப்போடு படிப்பை விடுத்து, மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் வேலை செய்கின்றார். ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் பழுது இன்ன இடத்தது என்று சொல்லிவிடுவார். யான் ஹானர்ஸ் வகுப்பில் அமர்ந்திருப்பதும் அவர் ஊதியத்தாலேயே. சென்ற ஆண்டு அவருக்குப் பெண் கேட்டுச் சென்ற வீட்டில், “தம்பி இவ்வளவு படிக்க, அண்ணன் படிக்கவில்லையா?” என்று வினவினர். எந்தையார் விடை பகராது தலைகவிழ்ந்தார். சம்பந்தமும் கைகூடவில்லை.

1974-இல் மறைந்த நாயுடு அவர்களை மேதை என்று மேடைதோறும் புகழ்கின்றோம். அவர் வழி நிற்கும் பட்டறைத் தொழிலாளியையோ படிக்காதவன் என்கின்றோம். இது நீதியாமோ?

தமிழ் பயிலும் எமக்கும் இதிற் கடமையுண்டு. பாவு, ஊடை, அச்சு, விழுது என்னும் சொற்கள் தறியருகே அமர்ந்தோர் நாவில் வாழ்ந்தவை. பட்டறையில் இன்று வழங்கும் சொற்களையும் யாரேனும் எழுதிவைத்தல் வேண்டுமன்றோ? விடுமுறை தோறும் தமையனார் அருகிலிருந்து, அவர் சொல்லச் சொல்ல ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகின்றேன். அவர் ஆசிரியர்; யான் மாணவன். நண்பர்களே, உங்கள் இல்லங்களிலும் இத்தகைய ஆசிரியர் இருப்பர். அவரைத் தேடிக் கேளுங்கள்.