இரசாயனப் புத்தகம்

"அப்பா, இன்னும் ஓராண்டு படிக்க வேண்டும்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள் என் மகள். நாங்கள் வாழும் அமெரிக்காவிலே, பட்டம் பெற்ற பின்னரே வைத்தியக் கல்லூரி புகுதல் வழக்கம். அவளும் பட்டம் பெற்றிருந்தாள். ஆயின் சராசரிப் புள்ளி நான்குக்கு மூன்றுதான். முதலாண்டில் இரசாயனம் அவளை வீழ்த்திவிட்டது.

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பெயர்பெற்ற சர்வகலாசாலையொன்றின் ஓராண்டு முதுமாணி வகுப்பு. மற்றது, ஊரிலுள்ள அரசினர் கல்லூரியில் அடிப்படை விஞ்ஞானப் பாடங்களை மாலை வேளையில் மீண்டும் கற்பது. பெயரில் மயங்கிய நான் முதல் வழியையே விரும்பினேன்.

மகளோ தாளெடுத்துக் கணக்கிட்டாள். முதுமாணிப் புள்ளிகள் பட்டப்படிப்புச் சராசரியுடன் சேரமாட்டா. மாலை வகுப்புப் புள்ளிகள் சேரும். ஆனால் முன்னைய 120 அலகுகளுடன் 30 அலகுகளை முழுப் புள்ளியோடு முடித்தாலும், 3.0 என்பது 3.2 வரையே உயரும்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"பழைய புள்ளி அழியாது, அப்பா. ஆனால் பட்டத்திற்குப் பிந்திய புள்ளிகளைத் தனி வரியிலும் காட்டுவார்கள். விழுந்தவள் எழுந்தாளா என்பது அதிலே தெரியும். நான் விழுந்த இடம் அடிப்படை இரசாயனந்தானே!"

இரண்டாம் வழியையே தேர்ந்தோம். இடம் கிடைக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. எனினும், மாலை வகுப்பால் திரும்பி, ஒரு காலத்தில் அஞ்சிய அதே புத்தகத்தை அவள் விரிக்கும்போது, என் கவலை சற்றுக் குறைகிறது.