அடியில் கிடப்பவர்கள்

கண்காட்சி அட்டையில் ‘கலப்பு ஊடகம்’ என்று போட்டிருந்தால் பார்க்க வருகிறவர்கள் என்னென்ன ஊடகம் என்று கேட்பார்கள். காகிதம், சுண்ணாம்பு, கயிறு என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் காகிதம் யார் கையிலிருந்து வந்தது, அந்தச் சுண்ணாம்பு யார் காலைத் தின்றது என்று யாரும் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை ஓவியத்தின் அரசியல் அங்கேதான் தொடங்குகிறது.

இதை எனக்குத் தெளிவாக்கியவர் கறுப்பின ஓவியர் மார்க் பிராட்ஃபோர்ட். 1961இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். அவருடைய அம்மா பெண்களுக்குச் சிகை அலங்காரம் செய்யும் கடை வைத்திருந்தார். மகனும் அதே கடையில் முடி அலங்கரித்தவர். முப்பது வயதை ஒட்டித்தான் கலைக்கல்லூரிக்குப் போனார். 2000 வாக்கில் அவர் கையில் எடுத்தது கடையில் கிடந்த சாமான்: முடியைச் சுருட்டும்போது நுனியில் வைக்கிற மெல்லிய சின்னக் காகிதங்கள். அவற்றின் ஓரங்களை நெருப்பில் கருக்கி வரிசை வரிசையாக ஒட்டினார். அப்புறம் தெருவுக்கு வந்தார். தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸின் வேலிகளில் தொங்கிய விளம்பரங்களைப் பிய்த்து வந்தார். அவசரப் பணம், விவாகரத்து, வீட்டை வாங்கிக்கொள்கிறோம் என்று ஏழைகளை வளைக்கிற விளம்பரங்கள். கயிற்றால் கோடு போட்டு, அதன்மேல் அடுக்கடுக்காகக் காகிதம் ஒட்டி, கடைசியில் தேய்ப்பு மெஷினை வைத்து ராவுகிறார். ஒட்டுவது பாதி வேலை, பிய்ப்பது மீதி வேலை. 1921இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரத்தில் வெள்ளைக் கும்பல் கறுப்பர்களின் குடியிருப்பையே கொளுத்தியது. அதைப் பற்றி 2006இல் அவர் செய்த படத்தில் ஓர் உடல்கூடக் கிடையாது. மேலிருந்து பார்க்கிற வரைபடம் மாதிரி, கருகிப்போன தெருக்கள்.

புத்தகத்தில்தான் பார்த்தேன். ஆனாலும் உடனே பிடிபட்டது. ஏனென்றால் அடுக்கை எடுக்கிற வேலை எங்க வீட்டு வேலை. எங்கப்பா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இருந்தார். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டால் முடி கழலும். உள்பக்கம் ஒட்டியிருக்கிற சதையையும் கொழுப்பையும் கத்தியால் சீவணும். மேலே போனது போக, கீழே போனது போக, நடுவில் மிஞ்சுகிற அடுக்குதான் செருப்பாகவும் பையாகவும் ஆகிறது. “கத்தி அழுந்துனா தோலு ஓட்டை, அழுந்தலன்னா நாத்தம்” என்பார் அப்பா. கல்லூரியில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித்தரவில்லை. அந்தக் கைக்குத் தீட்டு என்று பேர் வைத்தவர்கள், அந்தக் கை பதப்படுத்திய தோலைக் காலில் போட்டுக்கொண்டுதான் நடந்தார்கள்.

2015 ஜனவரி 31 அன்று இரவில், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் கழிவுச் சேறு பாய்ந்தது. 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம்ம ஊர் இல்லை, நம்ம பாஷை இல்லை. ஆனால் எங்கப்பா நின்ற இடத்தில் வந்து நின்றவர்கள்.

இதைச் செய்ய ஆறடி பிளைவுட் பலகை ஒன்றை எடுத்தேன். முதலில் பத்துச் சணல் கயிறுகளை, ஆட்கள் வரிசையாகப் படுத்திருப்பது போலப் பதித்தேன். அதன்மேல் காகிதம்: கூலிச் சீட்டு, அடகுக்கடை ரசீது, பழைய ரயில் டிக்கெட், கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி. மைதாப் பசை காய்ச்சும்போது, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன். ஓர் அடுக்கு காய ஒரு நாள். மூன்று அடுக்குக்கு ஒருமுறை சுண்ணாம்புப் பூச்சு. இருபது அடுக்கு ஏறியதும் கயிறு இருந்த தடமே தெரியவில்லை. நல்ல சுவர் மாதிரி வழவழவென்று நின்றது. சாவுகளின்மேல் இந்த நாடு பூசுகிற பூச்சும் இப்படித்தான். பிறகு முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உப்புத்தாளால் ராவ ஆரம்பித்தேன். ஏழு கயிறுகள் முழுசாக வெளியே வந்தன. இரண்டு அறுந்து வந்தன. ஒன்று வரவேயில்லை. இன்னும் ராவினால் மற்றவையும் அறுந்துபோகும். அதோடு நிறுத்தினேன்.

நகரத்துக் காட்சிக்கூடம் ஒன்றிலிருந்து வந்தவர் சொன்னார்: “பறை, விளக்குமாறு மாதிரி ஏதாவது இருந்தா தலித் ஆர்ட்டுன்னு உடனே தெரியும் சார்.” அவருக்கு வேண்டியது விலைச்சீட்டு. அவரோடு பேச எனக்கு ஒன்றுமில்லை.

இயக்கத் தோழர் ஒருவர் கேட்டது வேறு. “நல்லாத்தான் இருக்கு தோழர். ஆனா ஜனங்க எங்க? ஒரு மூஞ்சிகூட இல்லியே?” இது நியாயமான கேள்வி. நம் மக்களின் முகத்தை யாரும் வரையாத நாட்டில் முகம் வரைவதே கலகம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்துப் பேரை நான் பார்த்ததில்லை. பார்க்காத முகத்தை என் இஷ்டத்துக்கு அழவைக்க எனக்கு என்ன உரிமை? பார்க்கிறவனும் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். தொட்டுப் பாருங்க தோழர் என்றேன். கயிறு கயிறாகத் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் கையை நிறுத்தினார். “இங்க ஒண்ணு இன்னும் உள்ளயே கெடக்கு போல.” அதற்கப்புறம் நாங்கள் வெகுநேரம் படத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்தத் தொட்டியைப் பற்றித்தான் பேசினோம்.

வண்ணம் வாங்கக் காசில்லை என்று தம்பி தங்கைகள் சிலர் சொல்கிறார்கள். வண்ணமும் நமக்கு வேண்டும், அதையும் கேட்டு வாங்கணும். அதுவரை, வீட்டில் என்ன வேலை நடக்கிறது, அந்த வேலையில் எது கழிந்து விழுகிறது என்று பாருங்கள். பிராட்ஃபோர்ட் தன் அம்மா கடையில் பார்த்தது அதைத்தான். படம் முடிந்ததும் பின்பக்கம் பொருட்களின் பட்டியல் எழுதுவோம் இல்லையா? அங்கே ‘சுண்ணாம்பு’ என்பதோடு நிறுத்தாமல், அந்தச் சுண்ணாம்பில் யார் நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள். நான் அப்படித்தான் எழுதுகிறேன்.