ஷெர்லாக் ஹோம்ஸும் உறையூர்ச் சுருட்டும்

ஷெர்லாக் ஹோம்ஸ் என்றாலே வாயில் வளைந்த ஒரு பெரிய பைப்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அந்தச் சுரைக்குடுக்கை பைப் கோனான் டாயில் எழுதிய கதைகளில் கிடையவே கிடையாது. பின்னால் வந்த நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும் மாட்டிவிட்டது. கதையில் அவர் புகைப்பது களிமண் பைப், பிரையர் கட்டையில் செய்த பைப், செர்ரி மரப் பைப். புகையிலையை ஒரு பாரசீகச் செருப்பின் நுனியில் அடைத்து வைத்திருப்பார். (ஆமாம், செருப்பில்தான்!)

ஆனால் ஹோம்ஸ் அறிமுகமான முதல் நாவலில், 1887-ல், துப்புக் கொடுத்தது பைப் இல்லை. திருச்சி சுருட்டு! கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலைப் பொறுக்கி எடுக்கிறார். அது கறுப்பாக, செதில் செதிலாக இருக்கிறது. குற்றவாளி குடித்தது டிரிச்சினோபொலி என்று சொல்லிவிடுகிறார். 140 வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதியவராம். கதை படிக்காதவர்கள் மன்னிக்க, அந்தக் குற்றவாளி லண்டனில் குதிரை வண்டி ஓட்டுகிற ஆள். ஆக, அது அங்கே வண்டிக்காரன் வாங்கக்கூடிய சரக்கு. பிரபுக்கள் சமாச்சாரம் இல்லை.

1886-ல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியிலும் 'டிரிச்சீஸ்' என்று தனிப் பதிவு உண்டு. நீளமானது, முரட்டுத்தனமாகச் சுற்றியது, உறிஞ்சுவதற்கு நுனியில் ஒரு வைக்கோல் செருகியிருக்கும், மலிவு, ஆனால் பழகியவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று போட்டிருக்கிறார்கள். இதிலே ஒரு சண்டையும் இருக்கிறது. தெலுங்கு அறிஞர் சி.பி. பிரௌன், திருச்சியின் பெயர் சிருதபள்ளி என்பதிலிருந்து வந்தது, 'செரூட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்துதான் என்று சொல்லிவிட்டார். அகராதிக்காரர்கள் இரண்டுமே தப்பு என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். 'செரூட்' என்பது நம்முடைய 'சுருட்டு'தான். சுருட்டுவதால் சுருட்டு. இதற்குப் பண்டிதர் எதற்கு?

சீனிச் சர்க்கரைப் புலவரின் 'புகையிலை விடு தூது' இன்னும் ஒரு படி மேலே போகிறது. மும்மூர்த்திகளும் ஆளுக்கு ஓர் இலை வாங்கிக்கொண்டார்களாம். சிவனின் வில்வத்தைக் கங்கை அலை அடித்துப் போனது, திருமாலின் துளசியைப் பாற்கடல் கொண்டுபோனது. சரஸ்வதியிடம் கொடுத்து வைத்திருந்த பிரமன் மட்டும் 'என்னுடையது போகையிலை' என்றாராம். (அந்தக் காலத்துக் கடி ஜோக்.)

திருச்சிக்காரர்களுக்கு இந்தக் கதை வரைபடமாகவே தெரியும். வில்வத்துக்குத் திருவானைக்காவல், துளசிக்கு ஸ்ரீரங்கம், பிரமனுக்குக் கொள்ளிடம் தாண்டி உத்தமர்கோயில். மூன்றாவது இலை மட்டும் காவிரிக்குத் தென்கரையில், உறையூரில். சோழர்களின் பழைய தலைநகரம். அங்கே இலையை நனைத்துப் பதமாக்கி, நடுநரம்பைக் கிழித்து எடுத்து, உள்ளே தூளும் துண்டுமாக வைத்துக் கையாலேயே உருட்டுவார்கள். ஒரே தடிமன் வருவது பழக்கத்தால் மட்டும்தான். கறுப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் படைக்கிற சுருட்டும் இப்படிக் கையில் உருண்டதுதான்.

இப்போது வணிகவியல் பக்கம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது சுருட்டுக்கு 28 சதவீத வரி. அதன்மேல் செஸ்: விலையில் 21 சதவீதம் அல்லது ஆயிரம் சுருட்டுக்கு 4,170 ரூபாய், எது அதிகமோ அது. புகையிலை புற்றுநோய் தருவது, அதனால் வரி போடுவதில் தப்பே இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு சுருட்டுக்குக் குறைந்தது 4 ரூபாய் 17 காசு. 500 ரூபாய் ஹவானா சுருட்டுக்குச் செஸ் 21 சதவீதத்தோடு நின்றுவிட்டது. ஐந்து ரூபாய்ச் சுருட்டுக்கு அதே செஸ் 83 சதவீதம்! சுமார் 20 ரூபாய்க்குக் கீழே விற்ற எந்தச் சுருட்டுக்கும் அப்போது இந்த அடிதான். சிறு தயாரிப்பாளர்களுக்கென்று காம்போசிஷன் திட்டம் இருந்ததே என்று கேட்பீர்கள். ஐஸ்கிரீம், பான் மசாலாவோடு சேர்த்துப் புகையிலைப் பொருள் செய்கிறவர்களுக்கும் அதில் இடம் இல்லை. வரி அட்டவணையில் ஹவானாவும் உறையூரும் ஒரே வரிசையில் இருந்தன. 'சிகார், செரூட்' என்று.