திறக்கத் தெரிந்தவர்கள்

மும்பையில் கடல் ஒரு நாளைக்கு இருமுறை கரையை விட்டு விலகிப் போகிறது. செம்பூருக்கு அப்பால் மாஹுல், ட்ராம்பே கோலிவாடாக்கள் என்ற மீனவக் குடியிருப்புகளின் துறையில் வற்றம் வந்துவிட்டால், தண்ணீர் நின்ற இடத்தில் கரிய சேறுதான் மிஞ்சுகிறது. கட்டிக் கிடக்கும் படகுகள் அதில் அடிவயிறு பதிய உட்கார்ந்துவிடுகின்றன. சென்னைக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரை ஒட்டியே முடிந்துவிடும். இங்கே பெரிய ஓத நாட்களில் ஏற்றம் ஐந்து மீட்டரை நெருங்குகிறது. இப்படிப்பட்ட ஓடையில் பின்பலகையில் இன்ஜினை மாட்டிக்கொண்டு திரும்புகிறவருக்கு முதல் கவலை வேகமல்ல. தண்ணீருக்குள் தொங்கும் இன்ஜின் காலையும் புரொப்பெல்லரையும் சேறு தொடுவதற்குள் மேலே தூக்கியாக வேண்டும். தூக்கத் தவறினால் குளிர்நீர் உறிஞ்சும் துளைகள் வழியே சேறு ஏறும், உள்ளே தண்ணீர் சுற்றும் ரப்பர் இம்பெல்லர் தேயும், இன்ஜின் சூடேறி நிற்கும்.

பத்துக் குதிரைத்திறன் இன்ஜினை ஒரு ஆள் கையாலேயே சாய்த்துக் கொக்கியில் மாட்டிவிடலாம். 115 குதிரைத்திறன் கொண்ட ஒன்று ஏறத்தாழ 170 கிலோ. அதைத் தூக்கத்தான் ஹைட்ராலிக் டில்ட். இன்ஜினைப் படகோடு பிணைக்கும் கவ்விகளுக்கு நடுவே, 12 வோல்ட் பேட்டரியில் இரு திசையிலும் சுழலும் சிறு மோட்டார், அதன் கீழே பற்சக்கர பம்ப், பக்கத்தில் எண்ணெய்த் தொட்டி, எண்ணெய் தள்ளும் சிலிண்டர். ஒரு பொத்தானை அமுக்கினால் சிலிண்டரின் ராட் வெளியே வந்து இன்ஜினை உயர்த்தும், மற்றதை அமுக்கினால் இறங்கும். முதல் இருபது பாகை அளவுக்கான நகர்வு டிரிம். ஓடும்போதே படகின் மூக்கை ஏற்றவும் தாழ்த்தவும் அதுதான். அதற்கு மேல் டில்ட், கரைக்கு வரும்போது முழுவதுமாகத் தூக்குவதற்கு. பேட்டரி செத்துப்போனால் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் தளர்த்தினால் சிலிண்டரின் இரு பக்கத்து எண்ணெயும் ஒன்றோடொன்று கலக்க வழி கிடைக்கும், இன்ஜினைக் கையாலேயே தூக்கலாம். இது தெரியாமல் படகோட்டுகிறவர்கள் பலர். அந்தத் திருகு உப்பில் இறுகிப்போனபின் தெரிந்தும் பயனில்லை.

இந்த அமைப்பு பழுதானால் விற்பனையாளர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: முழு அசெம்பிளியை மாற்றிவிடுங்கள். சில தயாரிப்பாளர்கள் சீல் கிட்டைத் தனியாகத் தருகிறார்கள். வால்வு, ஸ்பிரிங், பம்பின் பற்சக்கரம் என்று உள்ளே போகப் போக, பாகப் பட்டியலில் தனி எண் இல்லாமல் அசெம்பிளி மட்டுமே இருக்கும். தாராவியில் 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்துகளிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கத்திலும் ஹைட்ராலிக் வேலை செய்கிறவர்களைக் கவனித்தபின் எனக்கு உறுதிப்பட்டது இதற்கு நேர்மாறானது. உப்புக்கும் சேற்றுக்கும் போகிற இயந்திரத்தின் தரத்தை, அது எத்தனை நாள் பழுதாகாமல் ஓடும் என்பதை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. பழுதானபின் உள்ளூர்க் கை அதைத் திறந்து மூட முடிகிறதா என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். அந்தக் கையை ஒட்டுப்போடுகிறவர் என்று ஒதுக்குவது தவறு. இயந்திரத்தை இந்தக் கடலுக்கு ஏற்றதாக ஆக்குவதில் பாதி வேலை அவருடையது.

இவர்களில் படகை நம்பிப் பிழைப்பவர் யாரும் இல்லை. வருவதெல்லாம் கிடங்குகளின் பேலட் ட்ரக், கராஜ்களின் டிராலி ஜாக், பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரத்தின் சிலிண்டர், எப்போதாவது ஜேசிபியின் கை. படகின் டில்ட் சிலிண்டர் இந்த வரிசையில் நுழையும்போது அவர்களுக்கு அது புதிய பொருளாகத் தெரிவதில்லை, உப்புத் தின்ற பழைய பொருளாகத்தான் தெரிகிறது. எண்ணெயை ஒரு தட்டில் கொட்டிப் பார்ப்பது முதல் சோதனை. சிவப்பாக இருக்க வேண்டியது பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். அடுத்து ராட். துணியால் துடைத்துவிட்டுக் கட்டைவிரல் நகத்தை அதன் மேல் நெடுக இழுக்கிறார்கள். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் குரோமில் நகம் எங்கே தட்டுகிறதோ அங்கே உப்பு அரித்த குழி. அந்தக் குழி ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் சீலின் உதட்டைக் கிழிக்கும். புது சீல் போட்டாலும் ஒரு பருவம் தாங்காது. ஆக, கசிவுக்குக் காரணம் சீல் என்று படகுக்காரர் வந்து நின்றால், ராட்தான் காரணம் என்பதை அவருக்குச் சொல்லிப் புரியவைப்பதே வேலையின் கடினமான பகுதி.

சிலிண்டரைத் திறப்பது இன்னொரு கலை. மூடியில் ஸ்பானர் பிடிக்க முகமே கிடையாது, இரண்டு சிறு துளைகள் மட்டும். அலுமினியமும் எஃகும் உப்புநீரில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரையில் அடைத்துக்கொள்ளும். அவசரப்பட்டுத் திருகினால் துளைகள் விரிந்து சிலிண்டரே குப்பைக்குப் போகும். இதற்கான கருவியை இவர்கள் கடையில் வாங்குவதில்லை. தடித்த பட்டை இரும்பில் துளைக்கு அளவான இரண்டு கடினமுளைகளை அறைந்து தாங்களே செய்துகொள்கிறார்கள். கேஸ் தீயில் மூடியைச் சுற்றி மிதமாகச் சூடுகாட்டி, ஆறவிட்டு, மறுபடி காட்டி, மரம் வைத்துத் தட்டி, அப்புறம்தான் திருகல். எத்தனை சூடு என்பதற்கு மீட்டர் இல்லை. உள்ளே ரப்பர் கருகும் வாசனை வந்தால் அதிகம் என்பது கணக்கு, எப்படியும் அந்த ரப்பர் மாற்றப்பட வேண்டியதுதானே.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஹைட்ராலிக் என்ற தொழிலுக்கே வழி திறந்தது ஜோசப் பிராமா 1795-இல் காப்புரிமை பெற்ற நீரழுத்த இயந்திரம். அழுத்தம் ஏற ஏறத் தண்ணீர் பிஸ்டனைச் சுற்றிக் கசிந்துகொண்டே இருந்தது. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேதான் கிண்ணம் போல மடித்த தோல் வளையத்தைப் பொருத்தி, அழுத்தம் கூடக் கூட அது சுவரோடு தானே இறுகும்படி செய்தார் என்று சொல்லப்படுகிறது. ரப்பர் ஓ-ரிங் வந்தது வெகுகாலம் கழித்து; டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன நீல்ஸ் கிறிஸ்டென்சனுக்கு அதற்கான காப்புரிமை 1939-இல் கிடைத்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் தோல் பதனிட்டு நிலைபெற்ற ஊர் தாராவி. அந்த வேலை பெரும்பாலும் இங்கிருந்து போய்விட்டது. தோலால் அடைக்கும் வேலையை இன்று நைட்ரைலும் பாலியூரித்தேனும் செய்கின்றன, அவற்றை வாங்க நாக்தேவி தெருவுக்குப் போகிறார்கள். அங்கே வெர்னியரில் அளந்து சொன்னால் அந்த அளவில் ஓ-ரிங் கிடைக்கும். ஜப்பான் இன்ஜினுக்கு மில்லிமீட்டர், பழைய அமெரிக்க இன்ஜினுக்கு அங்குலம். இரண்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தை ‘பரவாயில்லை’ என்று விடுகிறவருக்கும் விடாதவருக்கும் இடையில்தான் நல்ல மிஸ்திரி யார் என்பது தெரிகிறது.

எதிர்வாதம் வலுவானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. டில்ட் சிலிண்டர் வெறும் ஜாக் அல்ல. ஓடும் படகில் இன்ஜின் கால் மிதக்கும் மரத்திலோ பாறையிலோ மோதினால் அடியை வாங்கிக்கொண்டு மேலே எகிற வேண்டும். அதற்காகப் பிஸ்டனுக்குள்ளேயே குண்டும் ஸ்பிரிங்குமாகச் சிறு வால்வுகள் உண்டு. மோதலின் அழுத்தத்தில் அவை திறந்து எண்ணெயை விடும். கால் திரும்ப எந்த நிலைக்கு வரவேண்டும் என்பதைக் கீழே தனியாக மிதக்கும் இன்னொரு பிஸ்டன் காத்து வைத்திருக்கும். ஜாக் பழுதுபார்த்துப் பழகியவர் இந்தக் குண்டுகளில் ஒன்றைத் தவறவிட்டாலோ, கிடைத்த ஸ்பிரிங்கைப் போட்டாலோ, ஒன்று மோதும்போது பின்பலகை உடையும், அல்லது ரிவர்ஸில் போகும்போது இன்ஜின் தானாக மேலேறும். எண்ணெயிலும் இதே ஆபத்து. ஃபோர்க்லிஃப்டுக்கு ஊற்றும் 68-ஆம் எண் எண்ணெய் இதற்குத் தடிமன். பிரேக் ஆயிலை ஊற்றினால் நைட்ரைல் சீல் ஊதிப்போகும். இப்படிக் கெட்ட வேலைகளும் சந்தையில் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த வாதம் எதை நிரூபிக்கிறது? திறக்கக் கூடாது என்பதை அல்ல, திறப்பவருக்கு வரைபடமும் அளவுகளும் வேண்டும் என்பதை. குண்டு எத்தனை, ஸ்பிரிங்கின் நீளம் எவ்வளவு, வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கும் என்பதெல்லாம் ஒரு பக்கத்தாளில் அடங்கும் செய்தி. அது கிடைக்காத நிலையிலும் ஒழுங்காகச் செய்கிறவர்கள் தங்களுக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பிரிக்கும் வரிசையிலேயே பாகங்களை ஒரு தட்டில் இடமிருந்து வலமாக அடுக்குகிறார்கள். பூட்டி முடித்ததும் பேட்டரி கொடுத்துப் பளுவோடு முழுவதுமாக உயர்த்தி, ராட்டில் சாக்பீஸ் கோடு போட்டு இரவு முழுக்க விட்டுவிடுகிறார்கள். காலையில் கோடு இறங்கியிருந்தால் வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாவிட்டாலும் உள்ளே ஏதோ வால்வு சரியாக அமரவில்லை, மறுபடி திறக்க வேண்டியதுதான். கம்பெனிச் சோதனைக்கு இது ஈடாகாது. ஆனாலும் அதே கேள்வியைத்தான் இதுவும் கேட்கிறது.

மீனவருக்கு இந்த ஆடம்பரமே எதற்கு என்பது இன்னொரு ஆட்சேபம். அதில் பாதி நியாயம் உண்டு. தமிழகக் கரையில் ஃபைபர் வள்ளங்களின் லாங்டெயில் டீசல் இன்ஜினை நீண்ட தண்டோடு கையாலேயே தூக்கிக்கொள்கிறார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், ஓய்விண்ட் குல்பிரான்ட்சன் என்ற படகு வடிவமைப்பாளரின் உழைப்பில், அலை உடையும் கரைக்கென்றே ‘பாப் டிரைவ்’ என்ற ஒன்றை உருவாக்கியது. படகுக்குள் இருக்கும் டீசல் இன்ஜினும் தண்டும் புரொப்பெல்லரும் ஒரே உறுப்பாகச் சாயும், படகின் துளையை ஒரு ரப்பர் துருத்தி அடைத்துக் காக்கும். எண்ணெயும் இல்லை, பம்பும் இல்லை. எனக்கு இந்த வடிவமைப்பின் மேல் தீராத மதிப்பு. கவனித்துப் பார்த்தால் அதன் வெற்றியும் அதே இடத்தில்தான் இருக்கிறது: கிழிந்தால் மாற்ற ஒரு ரப்பர், வளைந்தால் நிமிர்த்த ஒரு லேத். வேகப் படகுகளிலும் பெரிய இன்ஜின்களிலும் கைத்தூக்கு செல்லாது. அங்கே ஹைட்ராலிக்கைத் தவிர்க்க முடியாது என்றால், பாப் டிரைவிடமிருந்து அது கற்க வேண்டியது இந்தத் திறந்த தன்மையைத்தான்.

முழு அசெம்பிளியை நம்பியிருப்பதன் விலை என்ன என்பதற்கு எவின்ரூட் சாட்சி. ஓலே எவின்ரூட் 1909-இல் தொடங்கிய படகு இன்ஜின் பெயர். அதன் கடைசி உரிமையாளரான பிஆர்பி 2020 மே மாதத்தில் அந்த இன்ஜின்களின் உற்பத்தியை நிறுத்தியது. பாகங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்று அறிவித்தார்கள். ஆனாலும் தயாரிப்பு நின்ற இன்ஜினுக்கு ஆண்டு ஏற ஏற அசெம்பிளி அரிதாகத்தான் போகும். அங்குல ஓ-ரிங்கோ நாக்தேவியில் என்றும் கிடைக்கும். மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தபோது நான்கு துறைகளைச் சேர்த்தது: விவசாயக் கருவிகள், கைபேசி போன்ற மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், மோட்டார் வாகனங்கள். ட்ராக்டரின் ஹைட்ராலிக் அதில் அடங்கும், படகினுடையது அடங்காது.

இந்தப் பட்டறைகள் இருக்கும் தாராவியின் மறுசீரமைப்பு டெண்டர் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போனது. மாசு செய்யாத தொழில்கள் உள்ளேயே தொடரலாம் என்கிறார்கள். கேஸ் தீயும் எண்ணெய்த் தட்டும் கொண்ட பட்டறை அந்த வரையறைக்குள் வருமா என்பதில் எனக்குச் சந்தேகம். தனித் தொழிற்பேட்டையில் சுத்தமான கூடம் கொடுத்தால் என்ன குறை என்று கேட்கலாம். கூடம் நல்லதுதான். ஆனால் ஒரு சிலிண்டர் முடிய லேத்காரர், வெல்டர், மோட்டார் சுற்றுபவர் என மூன்று நான்கு கைகள் வேண்டும். அவர்கள் நடக்கும் தூரத்தில் இருப்பதால்தான் கூலி கட்டுப்படியாகிறது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மாட்டுங்காவில், 1887-இல் தொடங்கிய வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே வால்வு திறக்கும் அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு, இங்கே அந்த அழுத்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் உண்டு. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை, இன்ஜின்களைக் கழற்றிப் பார்க்கும் காலமும் அதுவே. அந்த இரண்டு மாதத்துக்கு ஒரு சோதனை மேசையை இந்தச் சந்துகளுக்கு அனுப்புவது கல்லூரிக்குப் பெரிய செலவில்லை.