உடுப்பியின் இன்னொரு சமையல்

தோசைக்குப் பேர்போன ஊரின் பக்கத்திலேயே மீனுக்குப் பேர்போன துறைமுகம். மங்களூரிலிருந்து மரவந்தே வரை ஒரு பகல் பயணம்.

உடுப்பி என்றதும் தமிழர்களின் நினைவுக்கு வருவது ஓட்டல் பெயர்ப்பலகை. எந்த ஊர் ரயிலடியில் இறங்கினாலும் அந்தப் பெயரில் இட்லியும் சாம்பாரும் கிடைக்கும். ஆனால் உடுப்பி கிருஷ்ணன் கோயிலிலிருந்து மேற்கே சுமார் 6 கி.மீ. போனால் காற்றின் வாசனையே மாறிவிடுகிறது. அங்கே இருப்பது மால்பே, கர்நாடகக் கடற்கரையின் மிகப் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று.

மங்களூரில் மூன்று நாள் மொழிபெயர்ப்புப் பட்டறை முடிந்திருந்தது. ஊர் திரும்ப ஒரு பகல் மிச்சம். ஐந்து பேர் சேர்ந்து வாடகைக் கார் பிடித்து, விடியும் முன்பே வடக்கே கிளம்பினோம்: ஒரு மலையாளி, ஒரு வங்காளி, ஒரு மராத்தியர், லக்னோவிலிருந்து வந்த சைவச் சாப்பாட்டுக்காரரான இந்தி மொழிபெயர்ப்பாளர், நான். மூன்று நாளாக ஒரு சொல்லுக்கு இணையாக இன்னொரு சொல்லைத் தேடித் தேடிக் களைத்த கூட்டம். ஓட்டுநரின் தாய்மொழி துளு.

முதல் நிறுத்தம் காப்பு. கடலோரப் பாறைமேல் 1901-ல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம். பாறையைச் சுற்றி நுரை, ஆளில்லாத மணல். அரை மணி நேரம் கால் நனைத்துவிட்டு மால்பேக்கு விரைந்தோம். மீன் ஏலம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

துறைமுகத்தில் படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. கூடை கூடையாக மீன் இறங்குகிறது. ஐஸ் நொறுங்கும் சத்தத்தை மீறிப் பெண்கள் விலை கேட்கிறார்கள். எங்கள் கூட்டமோ விலையை விட்டுவிட்டுப் பெயரைக் கேட்டது. பட்டறையில் விட்ட வேலை இங்கே தானாகத் தொடர்ந்தது.

துளுவில் பங்குடெ. மராத்தியில் பாங்கடா. மலையாளத்தில் அயல. கன்னியாகுமரிப் பக்கம் அயிலை, சென்னையில் கானாங்கெளுத்தி. எல்லாம் ஒரே மீன். தமிழ்நாட்டுக் கிழங்கான் இங்கே காணெ. மத்தி இங்கே பூதாய். வஞ்சிரத்துக்குத் துளுவில் 'அஞ்சல்' என்று பெயர் என்றதும் எனக்குத் தபால்காரர் நினைவு வந்தது. அதையே மராத்தியர் சுர்மை என்றார். அதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற லக்னோக்காரர், "சுர்மயீ என்றால் எங்கள் மொழியில் கண்மை நிறம்" என்று அதன் முதுகைக் காட்டினார். சாப்பிடாதவர்தான் மீனைச் சரியாகப் பார்த்தார். வங்காளி மட்டும் அசையவில்லை. ஆற்று மீன்தான் மீன் என்பது அவர் கட்சி.

மதியம் வரை அந்தக் கட்சி தாங்கியது. துறைமுகச் சாலையில் நாலு மேசை போட்ட சின்னக் கடையில் பங்குடெ புளிமுஞ்சி வந்தது. துளுவில் முஞ்சி என்றால் மிளகாய். நிறம் கொடுத்து நாக்கை அதிகம் எரிக்காத பேடகி மிளகாயும் புளியும் அரைத்த கெட்டிக் குழம்பு. தொட்டுக்கொள்ள, ஈரத்துணி போல மெல்லிய நீர் தோசை. கூடவே ரவை புரட்டிப் பொரித்த காணெ. வங்காளி இரண்டாவது முறை குழம்பு கேட்டபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. லக்னோக்காரருக்குத் தேங்காய்த் துருவலும் வெல்லமும் சேர்த்த அதே நீர் தோசை. அவருக்கும் குறையில்லை.

தமிழ் படித்தவனுக்கு அந்தக் குழம்பு புதிதல்ல. கடலில் மீன் பிடித்துவரும் தந்தைக்கு, உப்பு விற்று வாங்கிய நெல்லின் சோற்றோடு, அயிலை போட்ட புளிக்குழம்பை மகள் கொடுக்கும் காட்சி அகநானூற்றின் 60-ஆம் பாட்டில் இருக்கிறது. அயிலையும் புளியும் அப்படியே இருக்கின்றன. மிளகாய்தான் நடுவில் சேர்ந்தது, போர்ச்சுக்கீசியர் வழியாக. 1498-ல் வாஸ்கோ ட காமா கால்வைத்ததாக ஊர் சொல்லும் செயின்ட் மேரீஸ் தீவு மால்பேக்கு எதிரேதான் இருக்கிறது. மடகாஸ்கர் இந்தியாவைவிட்டுப் பிரிந்த காலத்தின் எரிமலைக் குழம்பு, தூண் தூணாக உறைந்து நிற்கும் தீவு. படகில் போய் வர ஒரு பிற்பகல் வேண்டும். எங்களுக்கு நேரமில்லை.

சாப்பிட்டு வெளியே வந்தபோது ஒரு டெம்போ கடந்து போனது. நிறைய மீன், விரல் நீளத்துக்குமேல் இல்லை. ஐஸ் கிடையாது. இது எந்தச் சந்தைக்கு என்று கேட்டோம். கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி சொன்ன பதிலை ஓட்டுநர் மொழிபெயர்த்தார்: "இது சாப்பிட இல்லை. பொடிக்கு." மீன்தூள் ஆலைக்குப் போகிறது. தூள், பண்ணை மீனுக்கும் இறாலுக்கும் தீவனம். வளர்ந்திருந்தால் ஏழை வீட்டுக் குழம்பில் விழுந்திருக்க வேண்டிய பூதாயும் பங்குடெயும் அதில் கலந்து கிடந்தன.

இந்தக் கரையில் ஒரு காலத்தில் ரம்பணி வலைதான் ராஜா. நம் ஊர்க் கரைவலையின் பெரிய அண்ணன். மொகவீரர் குப்பங்களில் ஊரே திரண்டு நின்று இழுக்கும், இழுத்தவருக்கெல்லாம் பங்கு உண்டு. 1970-களின் நடுவில் பர்சீன் எனப்படும் சுருக்குவலைப் படகுகள் வந்தன. மீன் கரைக்கு வரும்வரை காத்திருக்காமல், கடலிலேயே கூட்டத்தை வளைத்து அள்ளின. சில ஆண்டுகளில் ரம்பணி ஓய்ந்தது. படகு பெருகியது, மீன் பெருகவில்லை. பக்கத்துக் கேரளத்தில் 2012-ல் ஏறக்குறைய 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-ல் 4 ஆயிரம் டன்னைக்கூட எட்டவில்லை. கடலின் சூடு ஒரு காரணம், குஞ்சோடு அள்ளுவது இன்னொரு காரணம். மத்தி அவ்வப்போது திரும்பி வருகிறது. ஆனால் வரும் என்று நம்பி உலை வைக்க முடிவதில்லை.

கடைசி நிறுத்தம் குந்தாபுராவுக்கு அப்பால் மரவந்தே. நெடுஞ்சாலைக்கு ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் சௌபர்ணிகா ஆறு. உப்புக்கும் இனிப்புக்கும் நடுவே தார்ச்சாலை. மணலில் இருபது பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கைரம்பணி என்றார் ஓட்டுநர். பழைய ராஜாவின் பேரப்பிள்ளை. நாங்களும் கை கொடுத்தோம். உள்ளங்கை எரிந்ததுதான் மிச்சம். வலையில் நாலு கூடை மீன். அங்கேயே பிரித்தார்கள். எங்கள் பங்காக ஆறு பங்குடெயை நீட்டினார்கள். ஓட்டுநர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு: அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூன், ஜூலையில் மேற்குக் கரையில் மீன்பிடித் தடை. அப்போது பெரிய படகு கடலுக்குப் போகாது, தட்டில் வருவது பெரும்பாலும் ஐஸ் பெட்டி மீனாகவே இருக்கும். கடையில் உட்கார்ந்ததும் எல்லோரும் கேட்பது அஞ்சல். அதை விட்டுவிட்டு, அன்று காலை கரைக்கு வந்தது எது என்று கேளுங்கள். பங்குடெ என்று பதில் வந்தால் புளிமுஞ்சி சொல்லுங்கள்.