நோன்புக்குக் களா உண்டு

கடந்த ரமளானில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்த நேரம். மேலூர் அருகேயுள்ள கிராமத்திலிருந்து நமது முன்னாள் மாணவர் ஒருவர் அலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், அத்தாவுக்கு நெஞ்சு வலி. சுகாதார நிலையத்துல மாத்திரை கொடுக்குறாங்க. நோன்பு திறக்க ரெண்டு மணி நேரந்தானே இருக்குன்னு அத்தா வாங்க மாட்டேங்குறாங்க" என்றார்.

உடனே விழுங்கச் சொன்னோம். நோயாளிகள் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளும் சலுகையைக் குர்ஆனே (2:184) வழங்கியுள்ளது. அதனை மறுப்பதைப் பேணுதல் என்று எண்ணுவோர் நம்மில் பலர். நோன்புக்குக் களா உண்டு. செத்துப்போன இதயத் தசைக்கு இல்லை. 2023இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தினால்தான் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகள் கிராமத்திலேயே கிடைக்கின்றன.

108 வண்டியில் மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். இரத்தப் பரிசோதனை மாரடைப்பை உறுதி செய்தது. ஆனால் குழாய் முழுவதும் அடைபடவில்லை, வலியும் அடங்கிவிட்டது என்பதால், ஆஞ்சியோகிராம் நாளைக் காலையில் என்றார் மருத்துவர். உறவினரிடையே சலசலப்பு. "இப்போதே செய்யாமல் ஏன் இழுத்தடிக்கிறார்கள்?" என்றார் ஒருவர். "நாளைவரை பொறுக்கலாமென்றால் செய்யத்தான் வேண்டுமா?" என்றார் இன்னொருவர். நமக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, கேட்டறிந்தோம்.

இ.சி.ஜி. முழு அடைப்பைக் காட்டினால் பொறுக்கவே கூடாது. 120 நிமிடங்களுக்குள் குழாயைத் திறக்க வேண்டும். அந்த வசதி தொலைவிலிருந்தால் முதலில் கட்டியைக் கரைக்கும் ஊசி, பின்னர் 24 மணி நேரத்திற்குள் ஆஞ்சியோகிராம். சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து இம்முறையைத் தமிழ்நாட்டிலேயே சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். 2,420 நோயாளிகள், ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2ஆகக் குறைந்தது.

முழு அடைப்பு இல்லாதவர்களின் கணக்கு வேறு. 2009இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், விரைந்து செய்ததற்கும் தாமதித்துச் செய்ததற்கும் மொத்தத்தில் பெரிய வேறுபாடில்லை. ஆபத்து மிகுந்தோருக்கு மட்டும் விரைவு பலனளித்தது. அத்தகையோருக்கு 24 மணி நேரத்திற்குள் செய்வது நல்லது. வலி திரும்பினாலோ இரத்த அழுத்தம் சரிந்தாலோ இரவென்றும் பாராமல் இரண்டு மணி நேரத்திற்குள் செய்தாக வேண்டும். ஆகவே 'நாளைக் காலை' என்பது அலட்சியமன்று.

நமக்கு அச்சமூட்டியது வேறொன்று. தம்மாமிலுள்ள மூத்த மகன் அலைபேசியில் கிடைக்கும்வரை கையெழுத்திட மாட்டோம் என்றார்கள். நல்ல வேளையாக இரவு இருந்தது. முழு அடைப்பாக இருந்திருந்தால் அந்த மஷூராவிலேயே நேரம் முடிந்திருக்கும்.

மறுநாள் ஸ்டென்ட் வைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பெரியவர் நலம். விடுபட்ட நோன்புகளை, மருத்துவர் அனுமதித்த பிறகு, ஒவ்வொன்றாக நோற்று வருகிறார்.