காலடி நிலமும் கைப்படமும்

"பெங்களூரில் படிக்கிறேன்" என்று சொன்னால் உறவினர் கேட்கும் அடுத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "கம்ப்யூட்டரா?" இல்லை, புவி இயற்பியலும் புவியியல் தகவல் அறிவியலும் படிக்கிறேன் என்று விடை கூறினால் சற்று நேரம் அமைதி நிலவும். பிறகு, "அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்பர். இக்கேள்வியை நான் இழிவாக எண்ணுவதில்லை. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆயினும் அதற்கு முன்னே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் படிப்பால் இதுவரை யாருக்கு என்ன பயன் விளைந்தது? அதற்கு என்னால் இயன்ற விடையைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புவி இயற்பியல் என்பது நிலத்தைத் தோண்டாமலே அதன் உள்ளே இருப்பதை அறியும் கலை. நாடி பார்க்கும் வைத்தியர் உடலைக் கிழித்துப் பார்ப்பதில்லை அல்லவா? நிலத்துக்கும் நாடிகள் உண்டு. அதிர்வு ஒரு நாடி. ஈர்ப்பு விசை ஒரு நாடி. காந்தம் ஒரு நாடி. மின்தடை மற்றொரு நாடி. நம் ஊர்களில் கிணறு வெட்டுமுன் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவரை எல்லோரும் அறிவோம். புவி இயற்பியல் மாணவன் தேங்காய்க்குப் பதிலாக நான்கு இரும்புக் கம்பிகளை மண்ணில் ஊன்றுகிறான். வெளிக் கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, உள் கம்பிகள் இரண்டுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்கிறான். நீர் நிறைந்த வெடிப்புப் பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தும். உலர்ந்த முழுப்பாறை தடுக்கும். இந்த வேறுபாட்டிலிருந்து நீர் இருக்கும் ஆழத்தை ஊகிக்கிறான். கணிப்பு சில வேளை பொய்ப்பதும் உண்டு. ஆனால் பொய்த்தபோது ஏன் பொய்த்தது என்று ஆராய வழி இருக்கிறது. தேங்காயிடம் அப்படிக் கேட்க இயலாது.

மற்றது, புவியியல் தகவல் அறிவியல். ஓர் ஊரின் தெருக்களை ஒரு மெல்லிய தாளிலும், நீர்நிலைகளை மற்றொரு தாளிலும், மேடு பள்ளங்களை வேறொரு தாளிலும் வரைந்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தனித்தனியே பார்த்தபோது தெரியாத உண்மை அப்போது தெரியும். அந்தத் தாள்களைக் கணிப்பொறியில் அடுக்கும் வேலையே இது. முன்னது நிலத்தைக் கேட்கிறது. பின்னது கேட்டதைப் படமாக எழுதுகிறது.

இவ்விரண்டையும் கற்பதற்குப் பெங்களூரைவிடப் பொருத்தமான ஊர் அரிது. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, இந்நகருக்கு அருகே சங்கிலி பிடித்து ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அளந்தார். பிறகு 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் சென்னையில் பரங்கிமலை அருகே இன்னும் திருத்தமாக மற்றொரு கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்திய முக்கோண அளவைப் பெரும்பணிக்கு அதுவே அடித்தளமாயிற்று. முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் என்பது பள்ளிப் பாடம். அந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு, குன்றிலிருந்து குன்றுக்கும் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கும் முக்கோணம் கோத்து, நாட்டையே அளந்துவிட்டார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் மனம் தளரவில்லை. பல வாரம் தனியே அமர்ந்து அதைத் தாமே செப்பனிட்டார். அவர் பெயர் நூல்களில் நிற்கிறது. சங்கிலி பிடித்தவர், கொடி நட்டவர், காட்டில் வழி வெட்டியவர், காய்ச்சலில் மாண்டவர் ஆகியோரில் பெரும்பாலோரின் பெயரை நாம் அறியோம்.

அந்த அளவைப் பணியினர் 1868-இல் பெங்களூரில் மீண்டும் ஓர் அடிக்கோடு அளந்தனர். அதன் ஒரு முனை மேக்ரி சதுக்கத்துக்கு அருகே. மறுமுனை கண்ணூர் என்னும் சிற்றூரில். கண்ணூரில் இருந்த சிறு கட்டடம் 2024-இல் இடிந்து தரைமட்டமாயிற்று. நாட்டை அளந்த கோட்டின் முனையையே காக்க நமக்கு நேரமில்லை.

பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு காரணமும் எனக்கு உண்டு. என் தாயின் தந்தை கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூருக்கு வட ஆர்க்காட்டிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் குடிபெயர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சொந்த ஊரில் நிலமும் இல்லாமல் மதிப்பும் மறுக்கப்பட்டவர்கள். ஊரில் காலடி நிலம் இல்லாதவர்கள், நிலத்துக்கு உள்ளேயே இறங்கிப் பிழைத்தார்கள். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகைக்கும் மேல்.

தாத்தா சுரங்கத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பாட்டிதான் சொல்வார். நள்ளிரவில் திடீரென்று தரை குலுங்குமாம். அடுக்குப் பானை உருளும். கூரை ஓடு சரியும். உடனே தெருவிலுள்ள பெண்கள் எல்லோரும் வெளியே வந்து நிற்பார்கள். யாரும் அழமாட்டார்கள், யாரும் பேசவும் மாட்டார்கள். யார் வீட்டு ஆண்மகன் இரவு முறைக்குப் போயிருக்கிறான் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். விடியும்வரை அப்படியே நிற்பார்களாம். தாத்தா ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். எல்லா வீட்டுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை.

அந்தக் குலுக்கத்தின் காரணத்தை நான் வகுப்பில்தான் கற்றேன். தங்கம் பொதிந்த வெள்ளைக்கல் நரம்பை வெட்டி எடுக்க எடுக்கச் சுரங்கத்தில் வெற்றிடம் பெருகுகிறது. வெட்டப்பட்ட பாறை தாங்கிய சுமையை அருகிலுள்ள பாறை ஏற்கிறது. மென்பாறையாயின் மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும். கோலாரின் பாறையோ மிகக் கடினமானது. அது தாங்கும்வரை தாங்கி, ஒரு கணத்தில் வெடிக்கும். இதுவும் ஒருவகையில் சிறு பூகம்பமே.

வெடித்த இடத்தை எப்படி அறிவது? மின்னல் கண்டபின் இடியோசை வரும்வரை எண்ணி, "மழை தூரத்தில் பெய்கிறது" என்று சிறுவர் கூறுவதில்லையா? அதே முறைதான். பாறை உடையும்போது இருவகை அலைகள் புறப்படுகின்றன. முதலலை விநாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் செல்லும்; இரண்டாம் அலை ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர். இரண்டுக்கும் இடையே ஒரு விநாடி வேறுபாடு இருந்தால் அதிர்வு ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் தோன்றியது என்பது கணக்கு. ஒரு கருவி தூரத்தை மட்டுமே சொல்லும். மூன்று கருவிகள் இருந்தால் மூன்று வட்டங்கள் வரையலாம். அவை சந்திக்குமிடமே வெடித்த இடம். ஆழத்தையும் சேர்த்து அறிய இன்னும் சில கருவிகள் வேண்டும். கோலாரில் இவ்வாறே கருவிகளை வலைபோல் நிறுவிப் பாறைவெடிப்புகளைக் கண்காணித்தார்கள். எந்தப் பகுதியில் அதிர்வு மிகுகிறது என்பதை அறிந்தால் அங்கே ஆளை அனுப்பாமல் இருக்கலாம். அந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டு முடித்த அன்று, தெருவில் பேசாமல் நின்ற பெண்களை நான் நினைத்துக்கொண்டேன். அவர்கள் விடியும்வரை காத்திருந்து பெற்ற செய்தியின் ஒரு பகுதி அந்த மூன்று வட்டங்களுக்குள் இருக்கிறது.

தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. ஆனால் அங்கே பிறந்த அறிவு மூடப்படவில்லை. 1988-இல் தொடங்கப்பட்ட தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில்தான் வேர்விட்டது. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் 1965-இல் அமைக்கப்பட்ட அதிர்வுமானி வரிசையோ, தொலைதூர நாடுகளில் நிலத்தடியில் வெடிக்கும் அணுகுண்டின் ஓசையைக்கூடக் கேட்கும் திறன் வாய்ந்தது.

தென்னிந்தியப் பாறை மிகப் பழமையானது, அசையாதது என்று நம்மில் பலர் ஆறுதல் கொள்கிறோம். லால்பாக் தோட்டத்துப் பாறைக் குன்று ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுடையது என்பது உண்மைதான். ஆனால் இதே பழம்பாறைத் தீபகற்பத்தில்தான் 1967-இல் கொய்னாவும் 1993-இல் லாத்தூர்ப் பகுதியும் அதிர்ந்தன; லாத்தூரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். முதுமை உறுதிக்குச் சான்றாகாது.

செய்தி தெரிந்தும் சேராமையின் கொடுமையை 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கண்டோம். சுமத்திராவுக்கு அருகே காலை ஆறரை மணியளவில் கடலடி நிலம் பிளந்தது. அதன் அதிர்வலை சில நிமிடங்களில் இந்தியக் கருவிகளை எட்டிவிட்டது. கடலலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரம் வீணாயிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிறகு 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை நிலையம் அமைந்தது. நிலத்தைக் கேட்கும் கலை அங்கே எச்சரிக்கையை எழுப்புகிறது. எந்தக் குப்பம் தாழ்வானது, எந்தச் சாலை மேட்டுக்குச் செல்கிறது என்று காட்டுவது படம் எழுதும் கலை. ஒன்று இல்லாமல் மற்றது முழுமை பெறாது.

கடலைப் பற்றிப் பேசும்போது நம் மன்றத்து நண்பர்கள் விரும்பும் ஒரு பொருளையும் தொட்டே தீரவேண்டும். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைந்த பெரும்பரப்பு ஒன்று உண்டு. அங்கே கடலின் சராசரி மட்டம், கணித உருவத்தின்படி இருக்க வேண்டியதைவிட 100 மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்திருக்கிறது. பரப்பு மிகப் பெரிதாதலின் கப்பலில் செல்வோர் அதை உணரார். இதைக் கேட்டவுடன், "குமரிக்கண்டம் மூழ்கிய குழி!" என்று ஒரு நண்பர் துள்ளினார். அன்று, நண்பரே. இதே ஊரில், இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேபாஞ்சன் பாலும் அத்ரேயி கோஷும் 2023-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். பூமியின் ஆழத்தில், ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து எழும் வெப்பமான, இலேசான பொருளே காரணம் என்றும், இந்தத் தாழ்வு ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய வடிவை எய்தியது என்றும் அவர்கள் கணக்கிட்டுக் கூறினர். தமிழின் பெருமைக்குக் கடலடியில் சான்று தேட வேண்டியதில்லை. உண்மையை உண்மையாகச் சொல்லும் துணிவும் தமிழுக்கு நாம் செய்யும் தொண்டே.

தமிழ் இக்கல்விக்கு வேறு வகையில் கைகொடுக்கிறது. ஏரி, கண்மாய், தாங்கல், ஏந்தல், ஊருணி என்று நீர்நிலைகளுக்கு எத்தனை சொற்கள்! அவை வெறும் சொற்களல்ல. ஊர்ப் பெயர்களாக நிற்கும் நிலப்படங்கள். சென்னையில் பழவந்தாங்கல், ஈக்காட்டுத்தாங்கல் என்னும் பெயர்களைக் கேட்டவுடன், நீர் தங்கிய இடத்தில் வீடுகள் எழுந்திருக்கின்றன என்று எண்ண வேண்டாமா? பெங்களூரிலும் அதே கதைதான். மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்பது தர்மாம்புதி ஏரியின் மடியில். கண்டீரவ விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரி இருந்த இடத்தில். பழைய அளவைப் படத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நாங்கள் பயிற்சி செய்தபோது, நீல நிறத்தின் மேல் கட்டடங்கள் வரிசையாக ஏறி நின்றன. 2022 செப்டம்பர் மழையில் நகரின் கிழக்குப் பகுதியில் பெரும் மாளிகைவாசிகளும் டிராக்டர் ஏறி வெளியேறிய காரணத்தை அந்தப் படம் சொல்லாமற் சொல்லியது. தண்ணீர் பத்திரம் படித்துப் பாய்வதில்லை. பள்ளம் பார்த்தே பாயும்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் மனை வாங்கப் பேச்சு எழுந்தால், பத்திரத்தோடு பழைய நிலப்படத்தையும் பாருங்கள். கிராமப் புலப்படம் கணக்குப் பார்ப்பவருக்கு மட்டும் உரியதன்று. இஸ்ரோ 2009-இல் தொடங்கிய 'புவன்' நிலப்படத் தளத்தை யாரும் காணலாம். அங்கே உங்கள் ஊர் ஏரியின் எல்லையைப் பாருங்கள். பாட்டனாரிடம் ஏரியின் பழைய கரையைக் கேட்டறிந்து குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பும் ஒரு விஞ்ஞானச் சான்றே.

வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையும் மத்திய நிலத்தடி நீர் வாரியமும் தேர்வு வழியே புவி இயற்பியலாரை எடுக்கின்றன. எண்ணெய்த் துறையும், ஐதராபாத்தில் 1961 முதல் இயங்கும் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையமும், விண்வெளித் துறையும் உள்ளன. நிலப்படம் எழுதத் தெரிந்தவருக்குத் தனியார் நிறுவனங்களிலும் இடமுண்டு. சம்பளம் நண்பர்களின் கம்ப்யூட்டர்ச் சம்பளத்துக்கு ஈடாகாமல் போகலாம். ஆயினும் பட்டினி கிடக்க நேராது.

நம் முன்னோரில் பலர் நிலத்தை உழுதனர். சிலர் அதற்குள் இறங்கி உயிரைப் பணயம் வைத்தனர். சங்கிலி பிடித்தவரும் சுரங்கம் வெட்டியவரும் கணக்கைப் பிறர் கையில் விட வேண்டியிருந்தது. அந்தக் கணக்கு இன்று நம் கைக்கு வந்திருக்கிறது. அதை நன்றாகக் கற்போம். கற்றதை நம் ஊராருக்கு அவர்கள் மொழியிலேயே எடுத்துச் சொல்வோம்.